சொந்தச் செலவில் பகுதிநேரப் போலீஸ் அகாடமி: கலிபோர்னியாவில் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்

கலிபோர்னியாவில் காவல் அதிகாரியாவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒரு காவல் துறை உங்களைத் தேர்ந்தெடுத்து, சம்பளமும் கொடுத்து அகாடமிக்கு அனுப்பலாம். அல்லது நீங்களே பணம் கட்டிப் படித்து முடித்துவிட்டு, அதன்பின் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வழிகாட்டி இரண்டாவது வழியைப் பற்றியது; அதிலும், பகல் வேலையை விடாமல் மாலையிலும் சனி, ஞாயிறிலும் படிக்க நினைப்பவர்களுக்கானது. பயிற்சியின் மாட்யூல்கள் எனப்படும் மூன்று துண்டுகளையும் நான் அப்படித்தான் முடித்தேன். அதன்பின் புதிதாகச் சேர வரும் பலரோடு பேசியிருக்கிறேன். பாதியில் நின்றவர்களை நினைத்துப் பார்த்தால், பெரும்பாலும் பணத்தை முதலில் கட்டிவிட்டுத் தகுதியைப் பிறகு பார்த்தவர்களாகவே இருக்கிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. பணம் கட்டும் முன் தகுதியைச் சரிபாருங்கள்

அகாடமி உங்களைச் சேர்த்துக்கொள்வதும் ஒரு காவல் துறை உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்வதும் வேறு வேறு. கட்டணம் கட்டியவரின் பின்னணியை அகாடமி முழுமையாக ஆராய்வதில்லை. வேலைக்கு எடுக்கும் துறை ஆராயும். எனவே அந்தத் துறை என்ன கேட்கும் என்பதை இன்றே உங்களிடம் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது விசா. 2023 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் காவல் அதிகாரியாக அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம் இல்லை. கூட்டாட்சிச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும் என்று மாநிலச் சட்டம் மாற்றப்பட்டது. இதைக் கேள்விப்பட்டு எச்1பி விசாவில் இருக்கும் நண்பர்கள் பலர் ஆர்வத்தோடு வருகிறார்கள். ஆனால் எச்1பி போன்ற தற்காலிக (நான்-இமிகிரன்ட்) விசாவில் இருப்பவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. துப்பாக்கிப் பயிற்சி இல்லாமல் அகாடமியை முடிக்க முடியாது. எச்1பி, எச்4, எல்1 விசாக்களில் இருப்பவர்கள் கிரீன் கார்டு வரும்வரை காத்திருப்பதே சரி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இரண்டாவது படிப்பு. நம்மவர்கள் எதிர்பார்க்காத இடம் இது. பள்ளிப்படிப்புத் தகுதியாக மாநில அரசுச் சட்டத்தின் 1031ஆம் பிரிவு கேட்பது அமெரிக்க உயர்நிலைப் பள்ளிச் சான்று, அல்லது ஜிஇடி போன்ற சமநிலைத் தேர்வு, அல்லது அமெரிக்க அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டம். அண்ணா பல்கலைக்கழகத்து பி.இ. பட்டமும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் இந்த இடத்தில் செல்லாது. இங்கே எம்.எஸ். முடித்தவர்களுக்குக் கவலையில்லை. இந்தியப் பட்டத்தோடு நேராக வேலைக்கு வந்தவர்கள் முதலில் ஜிஇடி எழுதிவிட வேண்டும். பொறியாளர் ஒருவருக்கு அது கடினமான தேர்வு அன்று. ஆனால் அதைக் கடைசி மாதத்தில் கண்டுபிடித்தால் ஒரு வேலைவாய்ப்பே கைநழுவிப் போகலாம்.

மூன்றாவது வயது. பணியமர்த்தப்படும்போது 21 நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களையும் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

நான்காவது பின்னணி. காவல் துறைகள் தரும் தனிநபர் வரலாற்றுப் படிவத்தைப் போஸ்ட் ஆணையம், அதாவது காவல் பணிக்கான தகுதியையும் பயிற்சியையும் வரையறுக்கும் மாநில ஆணையம், தன் தளத்தில் வெளியிட்டிருக்கிறது. அதைத் தரவிறக்கி, யாருக்கும் அனுப்பாமல், முழுவதையும் உங்களுக்காக நிரப்பிப் பாருங்கள். கடந்த 10 ஆண்டுகளின் முகவரிகள், வேலைகள், மேலதிகாரிகள், போக்குவரத்து அபராதங்கள், கடன்கள், போதைப்பொருள் பழக்கம் அனைத்தும் அதில் உண்டு. சென்னையில் விடுதியில் இருந்த காலமும் அந்த 10 ஆண்டுக்குள் வந்தால் எழுதியாக வேண்டும். அந்த முகவரியைத் தேடி எடுக்கவே சிலருக்கு வாரக்கணக்கில் ஆகிறது. நிரப்பும்போது எந்தக் கேள்வியில் உங்கள் கை தயங்குகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, நீங்கள் சேர விரும்பும் இரண்டு மூன்று துறைகளின் ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் பெயர் சொல்லாமலேகூடக் கேளுங்கள். பழைய தவறு ஒன்று இருப்பதைவிட அதை மறைப்பதுதான் விண்ணப்பத்தை அழிக்கிறது.

2. எந்த வடிவம் உங்களுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள்

அடிப்படைப் பயிற்சிக்குப் போஸ்ட் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு 664 மணி நேரம். பெரும்பாலான அகாடமிகள் இதைவிடக் கூடுதலாகவே நடத்துகின்றன. முழுநேரமாகப் படித்தால் ஆறு மாத அளவில் முடியும். பகுதிநேரத்தில் இரண்டு வடிவங்கள் உள்ளன.

முதலாவது எக்ஸ்டெண்டட். ஒரே பயிற்சியை வார நாள் மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் பரப்பி, ஏறத்தாழ ஓராண்டில் முடிப்பது. இரண்டாவது மாட்யூலர். இதில் பயிற்சி மூன்று துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, மாட்யூல் 3, மாட்யூல் 2, மாட்யூல் 1 என்று இறங்கு வரிசையில் நடக்கிறது. எண்ணைப் பார்த்து மாட்யூல் 1தான் தொடக்கம் என்று நினைத்து அதற்கு விண்ணப்பிப்பவர்கள் ஒவ்வொரு தவணையிலும் இருக்கிறார்கள். தொடக்கம் 3, முடிவு 1.

சொந்தப் பணத்தில் படிப்பவருக்கு நான் மாட்யூலரையே பரிந்துரைப்பேன். காரணம், ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகப் பணம் கட்டுகிறீர்கள், ஒவ்வொரு துண்டின் முடிவிலும் கையில் ஒரு பயனுள்ள சான்று இருக்கிறது. மாட்யூல் 3 முடித்தவரை ஒரு துறை மூன்றாம் நிலை ரிசர்வ் அதிகாரியாக, அதாவது பகுதிநேரத் துணை அதிகாரியாக, நியமிக்கலாம். மாட்யூல் 2ஐயும் முடித்தவர் இரண்டாம் நிலைக்குத் தகுதி பெறுகிறார். மூன்றையும் முடித்தவர் முழு அடிப்படைப் பயிற்சி பெற்றவராகிறார். நடுவில் ஒரு துறை உங்களை ரிசர்வாக எடுத்துக்கொண்டால், மீதித் துண்டுகளின் செலவை அதுவே ஏற்கவும் வாய்ப்பு உண்டு. எக்ஸ்டெண்டட் வடிவத்தில் பத்தாவது மாதம் நின்றுவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு காலம் விடலாம், அடுத்த துண்டை அதே கல்லூரி எப்போது நடத்தும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போதிய மாணவர்கள் சேராததால் ஒரு தவணை நடக்காமல் போவதுண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு சிறிய சோதனை செய்து பார்க்க விரும்பினால், பிசி 832 என்று எல்லோரும் அழைக்கும் 64 மணி நேரப் பயிற்சி இருக்கிறது. கைது முறைகளுக்கு 40 மணி, துப்பாக்கிக்கு 24 மணி. வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டிராதவர்கள் இதை முதலில் முடித்துவிட்டால், இந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

3. பகல் வேலையையும் வீட்டையும் ஒழுங்குபடுத்துங்கள்

மாலை ஆறு மணி வகுப்பு என்றால் ஐந்தே முக்காலுக்குச் சீருடையில் வரிசையில் நிற்க வேண்டும். வருகைப் பதிவு மிகக் கடுமையானது. தவறவிட்ட மணி நேரத்தை ஈடுசெய்தாக வேண்டும், ஓர் எல்லைக்கு மேல் போனால் வெளியேற்றம்தான்.

மென்பொருள் வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கு இரண்டு இடங்களில் சிக்கல் வருகிறது. ஒன்று, சென்னை, பெங்களூரு அணிகளோடு இரவு எட்டு மணிக்கு நடக்கும் கூட்டங்கள். மற்றொன்று, எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டிய ஆன்கால் முறை. பயிற்சி நேரத்தில் கைப்பேசி உங்களிடம் இருக்காது என்பதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி, இரவுக் கூட்டங்களைக் காலைக்கு மாற்றிக்கொண்ட பிறகே பதிவு செய்யுங்கள். டிசம்பரில் ஊருக்குப் போகும் பழக்கம் உள்ள குடும்பம் என்றால் அந்த ஆண்டு அது நடக்காது என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். கல்யாணத்துக்காக ஒரு வாரம் விடுப்புக் கேட்டு, கிடைக்காமல், கட்டிய பணத்தை விட்டுவிட்டுப் போனவர் ஒருவர் என் வகுப்பிலேயே இருந்தார்.

4. நுழைவு ஆவணங்களை இந்த வரிசையில் சேருங்கள்

முதலில் எழுத்துத் தேர்வு. பெல்லட்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் போஸ்ட்டின் வாசிப்பு, எழுத்துத் திறன் தேர்வைப் பல அகாடமிகள் கேட்கின்றன. மதிப்பெண் டி-ஸ்கோர் முறையில் வரும். அதில் சராசரி 50. ஒவ்வொரு அகாடமியும் தன் எல்லையைத் தானே வைக்கிறது. 42 என்ற எல்லையைப் பல இடங்களில் பார்க்கலாம். மறுபடி எழுத இடைவெளி விட வேண்டும் என்பதால், பதிவுக் கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பாவது எழுதிவிடுங்கள்.

இந்தத் தேர்வில் ஆங்கிலம் நன்றாகப் பேசும் தமிழர்களும் சறுக்கும் பகுதி ஒன்று உண்டு: ஒரு பத்தியில் இடையிடையே சொற்களை நீக்கிவிட்டு, நீக்கிய சொல்லின் எழுத்துகளுக்கு ஈடான கோடுகளை மட்டும் தந்து நிரப்பச் சொல்லும் குளோஸ் பகுதி. தமிழில் a, an, the போன்ற ஆர்டிகிள் என்பதே இல்லை. முன்னிடைச் சொற்களின் வேலையை வேற்றுமை உருபுகள் செய்கின்றன. ஆகவே நீண்ட சொற்களைச் சரியாகப் போட்டுவிட்டு, இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களில் மதிப்பெண்ணை இழக்கிறோம். போஸ்ட் தளத்தில் இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது. அதை எழுதிப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு பத்தியில் ஏழு சொல்லுக்கு ஒன்றை வேறொருவரை மறைக்கச் சொல்லி நிரப்பிப் பழகுங்கள்.

அடுத்தது கைரேகை. துறையின் ஆதரவு இல்லாமல் சேர்பவர், தமக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடையாகும் குற்றப் பின்னணி இல்லை என்ற மாநில நீதித் துறையின் கடிதத்தைக் கொடுக்க வேண்டும் என்று குற்றவியல் சட்டத்தின் 13511.5ஆம் பிரிவு சொல்கிறது. லைவ் ஸ்கேன் மையத்தில் கைரேகை கொடுத்தால் கடிதம் வரும். ஆனால் அகாடமி கொடுக்கும் படிவத்தோடுதான் போக வேண்டும். வேலைக்காகவோ தன்னார்வப் பணிக்காகவோ முன்பு கொடுத்த லைவ் ஸ்கேன் இதற்குச் செல்லாது. கடிதம் வர வாரங்கள் ஆகலாம். அது இல்லாமல் முதல் நாள் உள்ளே விட மாட்டார்கள்.

ஓட்டுநர் வரலாற்றில் டிஎம்வி எனப்படும் மோட்டார் வாகனத் துறை அலுவலகம் தரும் 10 ஆண்டுப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் எடுக்கும் பதிவு குறைந்த ஆண்டுகளையே காட்டும். மருத்துவரின் உடற்தகுதிச் சான்றைக் கடைசியாக வாங்குங்கள், ஏனென்றால் அது பழையதாக இருக்கக் கூடாது.

5. பணக் கணக்கு

சமூகக் கல்லூரி நடத்தும் அகாடமி என்றால் கலிபோர்னியாவாசிக்குப் பாடக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். 20 யூனிட் என்றால் 920 டாலர். இந்த எண்ணைப் பார்த்து, அகாடமி ஆயிரம் டாலருக்குள் முடிந்துவிடும் என்று நினைப்பதுதான் மிகப் பரவலான பிழை. பாடக் கட்டணம் செலவின் சிறிய பகுதி. தோட்டாக்கள், துப்பாக்கிச் சுடுதளக் கட்டணம், வாகனம் ஓட்டும் பயிற்சிக் கட்டணம், சீருடைகள், பூட்ஸ், இடுப்புப் பட்டையும் அதில் மாட்டும் உறைகளும், குண்டு துளைக்காத மார்புக் கவசம், கைரேகை, மருத்துவச் சோதனை, வாகன நிறுத்தம் ஆகியவை சேர்ந்து பல மடங்காகும். வெளிமாநிலத்திலிருந்து புதிதாக வந்திருந்தால் ஓராண்டு முடியும்வரை கட்டணமே பல மடங்கு.

அகாடமியிடம் சென்ற தவணையின் பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் விலை எழுதிக் கூட்டுங்கள். அதன்மேல் ஒரு மாதச் சம்பளத்தைத் தனியாக வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அறிமுகக் கூட்டத்துக்கு முன் எதையும் வாங்காதீர்கள். நான் ஆர்வத்தில் பூட்ஸும் பட்டையும் முன்பே வாங்கினேன். இரண்டும் அந்த வகுப்பின் விதிக்கு ஒத்துவராமல் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. ஒரே விதிவிலக்கு, அகாடமி உங்கள் சொந்தத் துப்பாக்கியைக் கேட்டால். கலிபோர்னியாவில் துப்பாக்கி வாங்கப் பாதுகாப்புச் சான்றுத் தேர்வு எழுத வேண்டும், பணம் கட்டிய பின் 10 நாள் காத்திருக்க வேண்டும், கைத்துப்பாக்கி மாநிலத்தின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். எனவே எந்த மாதிரி என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு உடனே தொடங்குங்கள். பல இடங்களில் அகாடமியே இரவல் தரும்; முதலில் அதைக் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் கூட்டாட்சிக் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் நிரப்பலாம். வருமானம் குறைவானவர்களுக்குக் கல்லூரியின் பாடக் கட்டணத்தையே மாநில மானியம் தள்ளுபடி செய்கிறது. வருமான வரியில் வாழ்நாள் கற்றல் சலுகை இருக்கிறது: கல்லூரிக்குக் கட்டிய தகுதியுள்ள தொகையில் முதல் 10,000 டாலர் வரை 20 சதவீதம். தனிநபர் வருமானம் 80,000 டாலரைத் தாண்டும்போது இது குறையத் தொடங்கி 90,000த்தில் நின்றுவிடும். தம்பதியருக்கு இதில் இரு மடங்கு. புதிய தொழிலுக்கான படிப்பு என்பதால் இதை வேலைச் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது.

கிரெடிட் கார்டில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மெல்லக் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். பின்னணி விசாரணையில் உங்கள் கடன் அறிக்கையைப் பார்ப்பார்கள். தவறிய தவணைகளும் ஏறிய கடனும் உங்கள் பொறுப்புணர்வின் சாட்சியாக அங்கே நிற்கும். கையில் உள்ள பணத்துக்கு ஏற்ற அளவில் மாட்யூல் 3க்கு மட்டும் கட்டி, அதை முடித்து, அடுத்ததற்குப் பணம் சேர்ப்பதே நல்லது. கல்லூரியில் குறுகிய காலப் பாடத்தை விட்டுவிட்டால், பாடக் காலத்தின் முதல் 10 சதவீதத்துக்குள் விலகியவர்களுக்குத்தான் பணம் திரும்பும். அந்தத் தேதியைப் பதிவு செய்த அன்றே குறித்துவையுங்கள்.

இப்போது அந்த ஒரு மாதச் சம்பளம். துறை அனுப்பும் மாணவர் ஊழியர். பயிற்சியில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடு உண்டு. நீங்கள் ஊழியர் அல்லர். தரையில் விழுந்து புரளும் கைது முறைப் பயிற்சியில் முழங்காலும் தோளும் எளிதில் போகும். உங்கள் மருத்துவக் காப்பீட்டில் முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, கல்லூரியின் மாணவர் காப்பீடு எதை ஏற்கும், பகல் வேலைக்குப் போக முடியாவிட்டால் மாநில ஊனக் காப்பீட்டில் எவ்வளவு வரும் என்று மூன்றையும் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

6. உடலை மூன்று மாதம் முன்பே தயார்படுத்துங்கள்

பயிற்சியின் முடிவில் ஐந்து பகுதிகள் கொண்ட ஓர் உடற்தகுதித் தேர்வு இருக்கிறது. 99 கெஜத் தடை ஓட்டம், 165 பவுண்டு பொம்மையை 32 அடி இழுப்பது, ஆறடிக் கம்பி வேலி ஏறுவது, ஆறடிச் சுவர் ஏறுவது, 500 கெஜ ஓட்டம். மொத்தத்தில் 384 புள்ளி வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் ஓட்டத்துக்கு மட்டுமே தயாராகிறார்கள். சுவர்தான் நிறுத்துகிறது. அதில் கையின் வலிமையைவிட ஓடிவந்து காலை ஊன்றும் உயரமும், முழங்கையை மேலே கொண்டுபோய்ப் பூட்டும் முறையும் வேலை செய்கின்றன. இதைத் தனியாகப் பழக முடியாது. சுவர் உள்ள மைதானத்தைத் தேடி, தெரிந்தவர் ஒருவரோடு பழகுங்கள். 165 பவுண்டு என்பது 75 கிலோ. முதுகை வளைத்து இழுத்தால் அன்றே இடுப்பு பிடிக்கும். அக்குளுக்கடியில் கைகொடுத்து, நிமிர்ந்து, பின்னோக்கி நடங்கள்.

7. படிப்பில் எங்கே கவனம் வைப்பது

பாடம் நாற்பதுக்கும் மேற்பட்ட களங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் போஸ்ட் வெளியிடும் பயிற்சி நூல் இருக்கிறது. தேர்வில் ஒருமுறை தவறினால் மறுவாய்ப்பு ஒன்று உண்டு. அதிலும் தவறினால் அத்தோடு முடிந்தது, கட்டிய பணமும் போய்விடும். எனவே வகுப்புக்கு ஒரு வாரம் முன்னே படித்துக்கொண்டே போங்கள்; வேலைக்குப் போகிறவர் பின்தங்கினால் பிடிக்க நேரம் இருக்காது.

சட்டச் சொற்களை அன்றாடப் பொருளில் பயன்படுத்தாதீர்கள். வீட்டில் இல்லாதபோது பொருள் போனாலும், வழியில் மிரட்டிப் பறித்தாலும் நாம் ராபரி என்றே சொல்கிறோம். இங்கே ஒருவரிடமிருந்து பலத்தாலோ அச்சுறுத்தியோ பறிப்பது ராபரி, குற்றவியல் சட்டத்தின் 211ஆம் பிரிவு. திருடும் நோக்கத்தோடு கட்டடத்துக்குள் நுழைவது பர்க்லரி, 459ஆம் பிரிவு. அறிக்கையில் இதை மாற்றி எழுதினால் வழக்கே மாறிவிடும்.

அறிக்கை எழுதுவதுதான் நம்மவர்களுக்கு உண்மையான மலை. இந்திய அலுவலக ஆங்கிலம் செயப்பாட்டு வினையில் ஓடும்; செய்தவர் யாரென்று சொல்லாது. காவல் அறிக்கை இதற்கு நேரெதிர். நான் பார்த்தேன், நான் கேட்டேன், அவர் சொன்னார் என்று தன்மையிலும் இறந்த காலத்திலும், நடந்த வரிசையிலும் எழுத வேண்டும். ஒவ்வொரு நாளும் இரவு, அன்று நடந்த ஏதேனும் ஒரு சிறு நிகழ்ச்சியை இந்த முறையில் அரைப் பக்கம் எழுதிப் பழகுங்கள். பால் வாங்கப் போனதை எழுதினாலும் போதும். என் அறிக்கைகள் சிவப்பு மையோடு திரும்புவது நின்றது இந்தப் பழக்கத்தால்தான்.

வானொலியில் எழுத்துகளைச் சொல்லும் முறையும் வேறு. ஆல்ஃபா, பிராவோ என்று வாடிக்கையாளர் சேவையில் பழகியவர்கள் அதை மறந்து, ஆடம், பாய், சார்லஸ், டேவிட், எட்வர்ட் என்று முதல் வகுப்புக்கு முன்பே மனப்பாடம் செய்ய வேண்டும். சாலையில் நிற்கும்போது முன்னால் போகும் கார்களின் எண்பலகையை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது எளிய வழி.

8. கடைசி மாட்யூலின் நடுவிலேயே வேலைக்கு விண்ணப்பியுங்கள்

சான்று கையில் வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பவர்கள் மாதங்களை இழக்கிறார்கள். பின்னணி விசாரணை, உளவியல் சோதனை, மருத்துவச் சோதனை, பல துறைகளில் பாலிகிராஃப் எனும் பொய்யறியும் சோதனை என்று நியமனத்துக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆவது இயல்பு. வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இன்னும் நீளும். இந்தியாவில் உங்களை அறிந்தவர்களின் இப்போதைய தொலைபேசி எண், மின்னஞ்சல், அவர்கள் பேசும் மொழி ஆகியவற்றை முன்கூட்டியே சேகரித்து வைத்திருந்தால் விசாரணை அதிகாரியின் வேலை விரைவாகும்.

பயிற்சி முடித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் ஒரு துறையில் நியமனம் பெறாவிட்டால் சான்று செல்லாமல் போகும். அதைப் புதுப்பிக்கக் குறைந்தது 136 மணி நேர மறுதகுதிப் பயிற்சியை, மறுபடியும் உங்கள் சொந்தச் செலவில், முடிக்க வேண்டும். பகல் வேலையை விட மனமில்லாதவர்கள் இந்த மூன்று ஆண்டுக்குள் ரிசர்வ் அதிகாரியாக நியமனம் பெறலாம். முதல் நிலை ரிசர்வாகத் தனியாக ரோந்து போக, நியமித்த துறையிடமே களப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அந்தக் களப் பயிற்சியைப் பகுதிநேரத்தில் தர எந்தத் துறை தயாராக இருக்கிறது என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு, அப்படித் தரும் துறைகளை உங்கள் பட்டியலில் முதலில் வையுங்கள்.